கணவருக்கு 61, எனக்கு 74: எந்த எண்ணை நம்புவது?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களைத் தவிர்த்துவிட்டு விஷயத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 58, கணவருக்கு 64. கணவர் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். 5 அடி 9 அங்குலம், 82 கிலோ. காலை நடை, டம்பெல்ஸ் என்று உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருக்கிறார். எட்டு வருடமாகப் பிரஷருக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். போன மாதம் இருவரும் ஒரு முழு உடல் பரிசோதனை செய்துகொண்டார்கள். அவருக்குக் கிரியேட்டினைன் 1.3. அதன் கீழே ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) 58 என்று லேபே அச்சிட்டு, பக்கத்தில் சிவப்பு அம்புக்குறியும் போட்டிருந்தது. புனேயில் இருக்கும் மகன் அதே எண்ணை நான்கு ஆன்லைன் கால்குலேட்டர்களில் போட்டுப் பார்த்தார். ஒன்றில் 61, ஒன்றில் 56, ஒன்றில் 67, நான்காவதில் 330.

"ஒரே ரத்தம், ஒரே நாள். அப்புறம் எப்படி டாக்டர் இத்தனை நம்பர்? இவருக்குக் கிட்னி 40 சதவீதம் போய்விட்டதா? டயாலிசிஸ் வரைக்கும் போகுமா?" என்று கேட்கிறார்.

கணவர் சும்மா இருக்கவில்லை. டெல்மிசார்டன் கிரியேட்டினைனை ஏற்றும் என்று எங்கோ படித்துவிட்டு மூன்று வாரமாக அதை நிறுத்தியிருக்கிறார். "உப்பு ஏறிவிட்டது" என்று லேப்காரர் சொன்னதால் வீட்டு உப்பை மாற்றி, லோ சோடியம் உப்பு வாங்கியாயிற்று. தினமும் ஐந்து லிட்டர் தண்ணீர், மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய வாழைத்தண்டில் ஒரு டம்ளர் சாறு. இதற்கெல்லாம் முன்பு, முழங்கால் வலிக்காக நான்கு மாதமாக மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை. வீட்டில் எடுத்த பிரஷர் இப்போது 158/94.

கடிதத்தின் கடைசி வரி இது: "என் ரிப்போர்ட்டையும் சும்மா இணைத்திருக்கிறேன். எனக்கு 74, நார்மல்தான் என்று பையன் சொல்லிவிட்டான்."

அம்மா, வணக்கம்

இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நீங்கள் பயப்படுவது அவருடையதைப் பார்த்து. எனக்குக் கவலை தந்தது உங்களுடையது. அதற்கு வருகிறேன். முதலில் அவரைப் பற்றிப் பேசிவிடலாம். இல்லாவிட்டால் உங்கள் மனம் மற்றதில் நிற்காது என்று எனக்குத் தெரியும்.

அவருக்கு 40 சதவீதம் போகவில்லை. 61 என்பது சதவீதமே இல்லை. சிறுநீரகங்கள் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ரத்த நீரை வடிகட்டுகின்றன என்பதன் மதிப்பீடு அது. 64 வயதில் பெரும்பாலானவர்களுக்கு அது 100 இருப்பதில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு மெல்ல மெல்லக் குறைவது இயல்பு. ஆன்லைனில் பல இடங்களில் இதைச் சதவீதம் போலவே எழுதுகிறார்கள். புரியவைக்க எளிது என்று சில டாக்டர்களும் அப்படிச் சொல்வதுண்டு. அதனால் எத்தனை பேர் தூக்கம் இழக்கிறார்கள் என்பதை என் அறையில் தினமும் பார்க்கிறேன்.

ஒரே ரத்தத்துக்கு ஏன் ஐந்து எண்கள்?

கிரியேட்டினைன் தசையிலிருந்து வரும் கழிவு. சாப்பாட்டு உப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம் ஊர்ப் பேச்சில் யூரியாவையும் கிரியேட்டினைனையும் "உப்பு" என்று சொல்லிப் பழகிவிட்டோம், அவ்வளவுதான். சிறுநீரகம் வடிகட்டுவது குறைந்தால் அது ரத்தத்தில் தேங்கும். ஆனால் தசை அதிகம் உள்ளவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் சற்று அதிகமாகத்தான் இருக்கும். வடிகட்டும் வேகத்தை நேராக அளப்பது சிரமம் என்பதால், கிரியேட்டினைனையும் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்துக் கணக்குப் போட்டு ஊகிக்கிறோம். அந்தக் கணக்கு ஒன்று அல்ல, பல.

உங்கள் மகனுக்குக் கிடைத்த எண்களை நானும் போட்டுப் பார்த்தேன். 67 வந்தது காக்ராஃப்ட்-கால்ட் என்ற 1976-ஆம் ஆண்டுச் சமன்பாடு. அது உடல் எடையையும் கேட்கும். 82 கிலோ என்று போட்டதால் எண் ஏறியது. 56 வந்தது 1999-இல் வந்த எம்டிஆர்டி. அது சிறுநீரக நோயாளிகளை மட்டும் வைத்து உருவாக்கப்பட்டது, அதனால் ஓரளவு நலமாக இருப்பவர்களுக்குக் குறைத்துக் காட்டும். லேப் அச்சிட்ட 58, சிகேடி-எபி என்ற சமன்பாட்டின் 2009 பதிப்பு. 61 அதே சமன்பாட்டின் 2021 பதிப்பு. பழைய பதிப்புகளில் "கறுப்பினத்தவரா?" என்று ஒரு கேள்வி இருக்கும். ஆம் என்று தட்டினால் எண் சுமார் 16 சதவீதம் ஏறிவிடும். 2021-இல் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள்.

330? அதை மறந்துவிடுங்கள். அந்தத் தளம் கிரியேட்டினைனை மைக்ரோமோல் அளவில் கேட்டிருக்கிறது. நம் ரிப்போர்ட்டில் இருப்பது மில்லிகிராம். 1.3-ஐ 88.4-ஆல் பெருக்கி 115 என்று போட்டிருக்க வேண்டும். 330 என்பதால் பிசகு பளிச்சென்று தெரிந்தது. பிறந்த வருடத்தைத் தப்பாகப் போடுவது, ஆணுக்குப் பெண் என்று அழுத்துவது போன்றவற்றால் எண் நம்பும்படியாகவே மாறும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

சரி, எல்லாம் ஒழுங்காகப் போட்டு 61 வருகிறது. அது எவ்வளவு உறுதி? இந்தச் சமன்பாடுகளைச் சோதித்துப் பார்த்ததில், பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு மதிப்பீடு உண்மை அளவிலிருந்து 30 சதவீதத்துக்குள் இருக்கிறது. அதைத்தான் நல்ல சமன்பாடு என்கிறோம். அப்படியானால் உங்கள் வீட்டுக்காரரின் உண்மை அளவு 47-லிருந்து 87 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், அதற்கு வெளியேயும் சிலருக்கு இருக்கும். இந்த அகலத்தை ஒரு கால்குலேட்டராவது திரையில் காட்டினால் நன்றாக இருக்கும் என்று பல வருடமாக நினைக்கிறேன்.

இன்னொன்றும் பாருங்கள். அதே 2021 கணக்கில் 1.3-க்குப் பதில் 1.2 போட்டால் 68 வருகிறது. வெறும் 0.1 வித்தியாசம், ஏழு எண் தாவுகிறது. ஞாயிறு இரவு மட்டன் சாப்பிட்டு, திங்கள் காலை டம்பெல்ஸ் தூக்கிவிட்டு ரத்தம் கொடுக்கப் போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். சமைத்த இறைச்சி சில மணி நேரத்துக்குக் கிரியேட்டினைனை ஏற்றும், கடும் உடற்பயிற்சியும் ஏற்றலாம். லேப் அளக்கும் முறையும் உண்டு. பல லேப்களில் இன்னமும் 1886-இல் ஜாஃபே கண்டுபிடித்த சாய முறையின் வழிவந்ததுதான் ஓடுகிறது. ரத்தச் சர்க்கரை மிக அதிகமாக இருந்தால்கூட அது ஏமாறும். 58-க்கும் 61-க்கும் நடுவே இருக்கும் 60 என்ற கோட்டைப் பார்த்து "ஸ்டேஜ் 2-வா, ஸ்டேஜ் 3-யா" என்று தவிக்க இதில் ஒன்றும் இல்லை.

நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனை போதாது. 60-க்குக் கீழ் என்பது மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். அல்லது சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் கசிவு, ஸ்கேனில் மாற்றம் மாதிரி ஒரு பாதிப்பு மூன்று மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். அவருக்குச் சிறுநீர் ஆல்புமின் 9. முப்பதுக்குக் கீழ் இருந்தால் நல்லது. அம்புக்குறி போட்ட லேப், இந்த நல்ல செய்திக்கு ஒரு குறியும் போடவில்லை.

அவர் செய்ய வேண்டியவை

முதலில் டெல்மிசார்டன். மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரை இன்றைக்கே கூப்பிட்டு, மூன்று வாரமாக நிறுத்தியிருப்பதையும் 158/94 என்பதையும் சொல்லி, அவர் சொல்கிறபடி மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். இந்த வகை மாத்திரை சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும். அதனால் ஆரம்பத்தில் கிரியேட்டினைன் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரை ஏறினாலும் பெரும்பாலும் தொடரவே சொல்வோம், ஏனென்றால் அந்த அழுத்தக் குறைவுதான் நாளாவட்டத்தில் சிறுநீரகத்தைக் காப்பது. அவர் எட்டு வருடமாகச் சாப்பிடுகிறார், திடீர் ஏற்றத்துக்கு அதைக் குறை சொல்ல முடியாது. அது கெடுக்கும் என்று நிறுத்திவிட்டு 158-இல் பிரஷரை ஓடவிடுவதுதான் சிறுநீரகத்தை நிஜமாகக் கெடுப்பது.

நான் சந்தேகப்படுவது வலி மாத்திரையை. நீங்கள் அனுப்பிய அட்டையின் படத்தில் இருப்பது அசிக்ளோஃபினாக். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் அதே குடும்பம். இவை சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியைச் சுருக்கும். டெல்மிசார்டன் ரத்தம் வெளியேறும் வழியை விரிக்கும். இரண்டும் ஒரே ஆளின் உடம்பில் நான்கு மாதம் சேர்ந்து ஓடினால் வடிகட்டும் அழுத்தம் விழும். நெட்டில் படித்து நிறுத்த ஒரு மாத்திரை வேண்டும் என்றால் இதை நிறுத்தியிருக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால், முழங்காலுக்கு மேல் தொடைத் தசைக்கான பயிற்சி, அதுவும் போதாவிட்டால் எலும்பு மருத்துவரின் ஆலோசனை. மெடிக்கலில் கேட்டு வாங்குவது மட்டும் வேண்டாம்.

லோ சோடியம் உப்பை வீட்டைவிட்டு எடுத்துவிடுங்கள். அதில் சோடியத்தைக் குறைத்துவிட்டுப் பொட்டாசியத்தைச் சேர்த்திருக்கிறார்கள். சிறுநீரகம் ஆரோக்கியமாக இருப்பவருக்கு அது நல்லதுதான். டெல்மிசார்டன் சாப்பிடுபவருக்கு, சிறுநீரகத்தில் சந்தேகமும் இருக்கும்போது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கலாம். பழைய உப்பையே அளவாகப் போடுங்கள், ஊறுகாயையும் அப்பளத்தையும் குறையுங்கள். வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடட்டும், நார்ச்சத்து நல்லது. தினமும் மருந்து போலச் சாறு குடிப்பதால் கிரியேட்டினைன் இறங்காது, அதிலும் பொட்டாசியம் உண்டு. ஐந்து லிட்டர் தண்ணீரும் வேண்டாம். சிறுநீரக நோயாளிகளைக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வைத்துக் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள், 2018-இல் முடிவு வந்தது. சிறுநீரகம் சரிவதை அது தடுக்கவில்லை. மும்பை வெயிலில் தாகத்துக்குக் குடித்தாலே போதும்.

வலி மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் கழித்து, பொட்டாசியத்துடன் சேர்த்துக் கிரியேட்டினைனை மறுபடி பாருங்கள். அதே லேபில், முதல் நாள் இறைச்சியும் அன்று காலை உடற்பயிற்சியும் இல்லாமல். மூன்றாம் மாதம் இன்னொரு முறை. அதற்குள் ஒரு வேலை இருக்கிறது. அவருடைய கம்பெனியில் வருடா வருடம் மெடிக்கல் செக்கப் நடந்தது என்கிறீர்களே, அந்தப் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடுங்கள். பத்து வருடத்துக்கு முன்பும் 1.2, 1.3 என்று இருந்திருந்தால் அது அவர் உடல்வாகின் எண், இந்தக் கடிதத்தில் பாதிக்கு வேலையே இல்லை. 0.9-லிருந்து ஏறியிருந்தால் கதை வேறு. பரிசோதனை ஆஸ்பத்திரியில் நடந்திருந்தால் அங்கே எழுதிக் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளே சொல்கின்றன. தயங்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் ரிப்போர்ட்

உங்களுக்கு 58 வயது, 4 அடி 11 அங்குலம், 44 கிலோ. சைவம். பதினொரு வருடமாகச் சுகர். மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 8.1. கிரியேட்டினைன் 0.9, கால்குலேட்டரில் 74. மகன் அங்கேயே நிறுத்திவிட்டார். ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கத்தில், சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கீழே, யூரின் ஏசிஆர் (சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியேட்டினைனுக்கும் உள்ள விகிதம்) 118 என்று ஒரு வரி இருக்கிறது. அவருக்கு 9 இருந்ததே, அதே பரிசோதனை. முப்பதைத் தாண்டினால் வடிகட்டியிலிருந்து புரதம் கசிகிறது என்று பொருள். அந்தக் கால்குலேட்டர் அதைக் கேட்கவே இல்லை, அதனால் சொல்லவும் இல்லை.

74-ஐயும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். இந்த எண் எப்போதும் 1.73 சதுர மீட்டர் உடல் பரப்புக்குச் சரிசெய்து தரப்படுகிறது. ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்க இளைஞர்களின் சராசரி அது. உங்கள் உடல் பரப்பு சுமார் 1.35. உங்கள் உடம்புக்கு உள்ளபடி திருப்பிக் கணக்கிட்டால் 74 நிமிடத்துக்கு 58 மில்லிலிட்டர் ஆகிறது. உங்கள் வீட்டுக்காரரின் 61 அதே கணக்கில் 70 ஆகிறது. 1976 சமன்பாட்டில் உங்கள் எடையைப் போட்டால் 47. சின்ன உடம்புக்குச் சின்ன வடிகட்டல் போதும் என்பதால் 58-ஐப் பார்த்து நோய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மருந்தின் அளவை முடிவு செய்யும்போது இந்த வித்தியாசம் முக்கியம். எந்த டாக்டரிடம் போனாலும் உங்கள் எடையைச் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. இரண்டு வருடத்தில் ஐந்து கிலோ இளைத்துவிட்டேன், கிரியேட்டினைன் மட்டும் அன்றும் 0.9 இன்றும் 0.9 என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். தசை குறைந்தால் கிரியேட்டினைன் உற்பத்தியும் குறையும். சிறுநீரகம் அப்படியே இருந்திருந்தால் எண் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. தசை குறைவாக, இறைச்சி சாப்பிடாமல் இருக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தச் சமன்பாடுகள் உண்மையைவிட அழகாகவே காட்டும். இந்தியர்களிடம் நேராக அளந்து பார்த்த ஆய்வுகளிலும் மேற்கத்தியச் சமன்பாடுகள் கூட்டிக் காட்டுவது தெரிய வந்திருக்கிறது.

அதனால் உங்களுக்கு சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையைச் சொல்வேன். அது தசையைச் சார்ந்தது இல்லை. கிரியேட்டினைனுடன் சேர்த்துக் கணக்கிட்டால் மதிப்பீடு நன்றாகத் திருந்தும். விலை கூடுதல்தான், மும்பையின் பெரிய லேப்களில் கிடைக்கும். தைராய்டு கோளாறு இருந்தாலோ ஸ்டீராய்டு சாப்பிட்டாலோ அதுவும் பிசகும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கதிரியக்க மருந்து ஏற்றி நேராக அளக்கும் டிடிபிஏ ஸ்கேன் பெரும்பாலும் சிறுநீரகம் தானம் கொடுக்க வருபவர்களுக்குத் தேவைப்படுவது. இப்போது உங்கள் இருவருக்கும் வேண்டாம்.

118-ஐ உறுதி செய்ய வேண்டும். காய்ச்சல், நீர்க்கடுப்பு, கடும் உழைப்பு இருந்தால் ஏசிஆர் தற்காலிகமாக ஏறும். காலை முதல் சிறுநீரில், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை பாருங்கள். மூன்றில் இரண்டில் ஏறியிருந்தால் சுகர் சிறுநீரகத்தைத் தொட ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் இது பிடிக்க வேண்டிய கட்டம். உங்கள் வீட்டுக்காரர் நிறுத்தி வைத்திருக்கும் டெல்மிசார்டன் வகை மருந்துதான் இங்கே முதலில் வரும், கசிவைக் குறைக்கும். அதோடு டபாகிளிஃப்ளோசின் வகை. சுகர் மாத்திரையாக வந்து சிறுநீரகம் சரிவதை மெதுவாக்குவதாக நிரூபணம் ஆனவை இவை. டபாகிளிஃப்ளோசின் இப்போது பல கம்பெனிகளின் பெயரில் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் இளைத்துக்கொண்டிருக்கும் 44 கிலோ உடம்புக்கு அதை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். எடை ஏன் குறைகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அவருடைய டப்பாவிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்குமா என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். கெடுக்காது. வடிகட்டல் 45-க்குக் கீழ் போனால் அளவைக் குறைப்போம், 30-க்குக் கீழ் நிறுத்துவோம். உங்களுக்கு இப்போது நிறுத்தக் காரணம் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை கண் விழித்திரையைப் பார்க்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. பார்க்காவிட்டால் இந்த மாதமே பாருங்கள்.

கால்குலேட்டரையே தொடக் கூடாத நேரம்

கிரியேட்டினைன் நிலையாக இருக்கும்போதுதான் இந்தக் கணக்கெல்லாம் செல்லும். வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல், மழைக்காலத்தில் இங்கே வரும் லெப்டோ (எலிக்காய்ச்சல்), டெங்கு மாதிரி நேரங்களில் சிறுநீரகம் சட்டென்று படுத்துவிடலாம். காலையில் நின்றுவிட்டாலும் அன்று மாலை கிரியேட்டினைன் கிட்டத்தட்ட சாதாரணமாகவே இருக்கும், ஏற ஓரிரு நாள் ஆகும். கால்குலேட்டர் அழகான ஒரு எண்ணைக் கொடுக்கும். சிறுநீர் குறைந்தாலோ, முகமும் காலும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ போனைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் கை கால் இழந்தவர்களுக்கும் இந்த எண் பொருந்தாது.

மகனிடம் கோபப்படாதீர்கள். அக்கறையில்தான் செய்தார். இனியும் அவரே செய்யட்டும், ஆனால் 2021 சமன்பாடு ஒன்றையே வைத்துக்கொண்டு, ஒரு நோட்டில் தேதி, லேப், கிரியேட்டினைன், ஏசிஆர், எடை, பிரஷர் என்று உங்கள் இருவருக்கும் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு பக்கம் எந்தச் சிறுநீரக மருத்துவருக்கும் பெரிய உதவி. செலவு கவலையாக இருந்தால் பரேலில் மாநகராட்சியின் கே.இ.எம். மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

இருவரும் சேர்ந்தே போங்கள். உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல "இவருக்குத்தான் டாக்டர்" என்று ஆரம்பிக்காமல், உங்கள் ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கத்தைத் திறந்து முதலில் நீட்டுங்கள். அவருடையதை அப்புறம் பார்க்கட்டும்.